லண்டன்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?



பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் கூட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தோம். மூன்று தலைமுறையாகத் தோல் தொழிலில் இருக்கும் பெரியவர் ஒருவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு தட்டில் மேரி பிஸ்கட். பேச்சு எங்கெங்கோ சுற்றி டேனரிகளில் வந்து நின்றது. பெரியவர் சூடாகிவிட்டார்.

"ஹஜ்ரத், நான் ஒன்று கேட்கிறேன். பாலாறு கெட்டுப் போச்சு, பாலாறு கெட்டுப் போச்சு என்று எல்லாரும் எங்களைத்தான் ஏசுகிறார்கள். இந்த லண்டன்காரன் தோல் செய்யவில்லையா? தேம்ஸ் நதியை நாறடிக்கவில்லையா? நாறடித்துத்தானே பணக்காரன் ஆனான்? இப்போது அவன் வந்து நமக்குச் சர்டிபிகேட் கேட்கிறான். அவனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?"

சுற்றியிருந்த இளைஞர்கள் தலையாட்டினார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மைக்கு அவசரமாகப் பதில் சொன்னால் தப்பாகத்தான் முடியும். அந்த முழுக் கதையையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கதை நடந்த இடத்தின் பெயர் பெர்மாண்ட்ஸி. லண்டனில் தேம்ஸின் தென்கரை. எதிர்க்கரையில் லண்டன் கோட்டை. காலம், விக்டோரியா மகாராணி ஆண்ட காலம். 1837 ஜூனில் பட்டத்துக்கு வந்தவர் 1901 ஜனவரியில் இறக்கும் வரை அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி. நம் பாட்டன், பூட்டன் கையில் புழங்கிய காசில் இருந்தது அந்த அம்மாள் தலைதான்.

பெரியவர் தட்டில் வைத்த அந்த மேரி பிஸ்கட்டும் பெர்மாண்ட்ஸியில் பிறந்ததுதான். 1857இல் அங்கே தொடங்கிய பீக் ஃப்ரீன் கம்பெனி, 1874இல் மகாராணியின் மகனுக்கும் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டிச் செய்த பிஸ்கட் அது. அந்தக் கல்யாணம் மறந்து போச்சு. பிஸ்கட் நம் டீக்கடை பாட்டிலில் இருக்கிறது. வியாபாரம் என்பது அப்படித்தான் ஊர் ஊராகப் போகும். வியாபாரத்தோடு அழுக்கும் ஊர் ஊராகப் போகும் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

ஏன் அங்கே தோல்?

பெர்மாண்ட்ஸி தாழ்ந்த சதுப்பு நிலம். கடல் அலை ஏறும்போது தேம்ஸ் தண்ணீர் ஓடைகளில் ஏறும், இறங்கும்போது இறங்கும். நெக்கிங்கர் என்று ஒரு சிற்றாறு. தோல் பதனிடத் தண்ணீர் வேண்டும், அது இலவசமாக வாசலுக்கே வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லண்டன் நகரம், அங்கே மாடு அறுக்கும் கசாப்புக்காரர்கள். பச்சைத் தோலுக்குக் குறைவில்லை. தெற்கே கென்ட், சர்ரே காடுகளிலிருந்து ஓக் மரப்பட்டை வந்தது. நாற்றம் பிடித்த தொழிலை நகரத்துக்குள் வைக்க நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு விருப்பமில்லை. அக்கரையில் இருந்து கொள்ளட்டும் என்று விட்டு விட்டார்கள்.

இப்படித்தான் பல நூறு ஆண்டுகளாக அங்கே தோல் தொழில் வளர்ந்தது. 1833இல் வெஸ்டன் தெருவில் பெரிய தோல் சந்தை கட்டினார்கள். 1878இல் அதன் பக்கத்திலேயே தோல், கம்பளி வியாபாரிகளுக்கு மாளிகை போல ஒரு பரிவர்த்தனை மையம் எழுந்தது. அதன் முகப்பில் தோல் பதனிடும் வேலைகளைச் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தங்கள் தொழிலில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

மாளிகைக்குப் பின்னால் என்ன நடந்தது? சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப் போட்டு மயிரைச் சுரண்டுவார்கள். பிறகு தோல் மிருதுவாக வேண்டும். அதற்கு நாய்க் கழிவைக் கரைத்து அதில் ஊற வைப்பார்கள். லண்டன் தெருக்களில் வாளியோடு திரிந்து அதைப் பொறுக்கி டேனரிகளுக்கு விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஏழைகள் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு வாளிக்கு எட்டு, பத்து பென்ஸ் கிடைக்கும் என்று ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். துரைமார் கையுறைக்கும் அழகிய தோல் அட்டைக்கும் பின்னால் இருந்தது இந்த வாளிதான்.

நம் ஊர்த் தோலும் அங்கேதான் போனது

சகோதரர்களே, இந்த இடத்தில் நம் கதையும் சேருகிறது.

சென்னை மாகாணத்தில் மாட்டுத் தோல், ஆட்டுத் தோலை ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, பாதிப் பக்குவத்தில் கப்பலேற்றினார்கள். லண்டன் சந்தையில் அதற்குக் 'கிழக்கிந்தியக் கிப்' என்று பெயர். அங்கே ஏலத்தில் எடுத்து, சாயமேற்றி, மெருகேற்றி, பூட்ஸாகவும் பையாகவும் ஆக்கினார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல், திருச்சி, பல்லாவரம் என்று நம் சமுதாயத்தவர் இத்தொழிலில் கால் ஊன்றியது அந்த வியாபாரத்தை நம்பித்தான். நம் ஊர்களில் பல பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் அந்தத் தோல் காசில் எழுந்தவை. அதை நாம் நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சுண்ணாம்பு, இரத்தம், நாற்றம், கழிவுத் தண்ணீர் இங்கே. மெருகு, முத்திரை, இலாபத்தின் பெரும் பங்கு அங்கே. அமெரிக்காவில் 1884இல் குரோம் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமில் சீக்கிரம் முடிந்தது. 1890களில் அமெரிக்க ஆலைகள் நம் பச்சைத் தோலை அதிக விலை கொடுத்து அள்ளிப் போக, நம் டேனரிகள் தோல் கிடைக்காமல் தவித்தன. விலையை நிர்ணயிப்பவன் வேறு எங்கோ உட்கார்ந்திருந்தான். பெரியவருடைய கோபத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது.

சரி, லண்டன்காரன் நாறடித்து விட்டுச் சுகமாக இருந்தானா? அதைப் பார்ப்போம்.

ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்கள்

பெர்மாண்ட்ஸியில் ஜேக்கப் தீவு என்று ஒரு சேரி. நாலு பக்கமும் ஓடை. ஓடை மேல் நீட்டிக் கொண்டிருக்கும் மர வீடுகள். சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் பில் சைக்ஸ் என்ற கொடியவன் சாகும் இடமாக இதைத்தான் எழுதினார். 1849இல் காலரா பரவியபோது மேஹ்யூ அங்கே நேரில் போனார். கழிப்பறைகள் எல்லாம் ஓடைக்கு மேலேயே கட்டப்பட்டிருந்தன. தோல் பதனிடும் இடத்தருகே ஓடை இரத்தம் போல் சிவந்து கிடந்தது. அந்த ஓடையிலேயே ஜனங்கள் கயிற்றில் வாளி கட்டித் தண்ணீர் இறைத்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் வைத்திருந்து, கசடு அடங்கிய பின் மேலாக மொண்டு குடித்தார்கள். இதையா குடிக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு எங்கே போவது என்று பதில் வந்தது.

அந்த ஒரு காலரா அலையில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். தேம்ஸின் தென்கரைதான் அதிகம் அடிபட்டது.

பெரிய மனிதர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 1850இல் சர் பீட்டர் லாரி என்ற நகரப் பிரமுகர், முன்னாள் மேயர், ஒரு கூட்டத்தில் எழுந்து, ஜேக்கப் தீவு என்று ஓர் இடமே கிடையாது, அது கதைப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்றார்! ஆற்றுக்கு அக்கரையில், கூப்பிடு தூரத்தில் பிணம் விழுகிறது. இவர் கற்பனை என்கிறார். டிக்கன்ஸ் தம் நாவலின் மறுபதிப்பு முன்னுரையில் அவருக்குச் சரியான சூடு கொடுத்தார்.

சிந்தித்துப் பாருங்கள். தண்ணீர் கெட்டால் முதலில் சாவது ஏழை. இரண்டாவது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லப் பெரிய மனிதர் வருவார். இது லண்டனுக்கு மட்டும் உள்ள வழக்கமா?

வீடு வீடாக எண்ணிய டாக்டர்

காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று அக்காலத்து மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும், இல்லை, தண்ணீரால் வருகிறது என்றார். யாரும் கேட்கவில்லை. அவர் சண்டை போடவில்லை, எண்ணினார்.

தென் லண்டனில் இரண்டு தனியார் கம்பெனிகள் தண்ணீர் விற்றன. இரண்டின் குழாய்களும் பல தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்குள் போயின. ஒரு வீட்டில் சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி தண்ணீர், பக்கத்து வீட்டில் லாம்பெத் கம்பெனி தண்ணீர். லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை நகரத்துக்கு மேலே, சாக்கடை எட்டாத தூரத்துக்கு மாற்றிக் கொண்டது. மற்றக் கம்பெனி சாக்கடை கலந்த இடத்திலேயே எடுத்துக் கொண்டிருந்தது.

1854 காலராவில் ஸ்நோ வீடு வீடாகப் போய், இறந்தவர் எந்தக் கம்பெனித் தண்ணீர் குடித்தார் என்று விசாரித்தார். முதல் ஏழு வாரத்துக் கணக்கு இது: சதர்க் அண்ட் வாக்ஸால் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 பேர் சாவு. லாம்பெத் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98 பேர் சாவு. அதாவது பத்தாயிரம் வீட்டுக்கு அங்கே 315, இங்கே 37. ஒரே தெரு, ஒரே காற்று. தண்ணீர்தான் வேறு. பக்கத்து வீட்டில் இருப்பவன் பிழைக்கிறான், இந்த வீட்டில் இருப்பவன் சாகிறான்.

அப்போதும் உடனே ஒப்புக் கொள்ளவில்லை. ஸ்நோ 1858இல் இறந்து போனார். ஆனால் அவர் போட்ட கணக்கை யாராலும் அழிக்க முடியவில்லை. இளைஞர்களே, கூச்சலை விடக் கணக்குக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம்.

நாற்றம் சபைக்குள் வந்த போது

அதே 1858 கோடையில் வெயில் கடுமை. தேம்ஸ் வெந்து நாறியது. ஆற்றங்கரையில் இருக்கும் பாராளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. சுண்ணாம்பு மருந்தில் நனைத்த திரைச் சீலைகளை ஜன்னலில் தொங்க விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஜேக்கப் தீவின் பிணங்கள் அசைக்காத சபையை நாற்றம் அசைத்தது. இரண்டரை வாரத்துக்குள் சட்டம் நிறைவேறியது. முப்பது இலட்சம் பவுண்டு கடன் வாங்கி, மக்களிடம் வரி போட்டு நாற்பது ஆண்டுகளில் அடைப்பது என்று ஏற்பாடு. ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்தின் அடியில் 82 மைல் நீளத்துக்குப் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். தென்கரைக் கழிவை இறைத்து வெளியேற்றும் கிராஸ்னஸ் நிலையம் 1865இல் திறக்கப்பட்டது. 1866இல் மறுபடி காலரா வந்த போது, சாக்கடை வேலை முடியாத கிழக்கு லண்டனில்தான் பேரழிவு. தென்கரை பெருமளவு தப்பித்தது.

ஆனால் இதிலும் ஒரு தந்திரம் இருந்ததை மறைக்கக் கூடாது. கழிவைச் சுத்தம் செய்யவில்லை, கீழே தள்ளி விட்டார்கள். 1878 செப்டம்பர் 3 அன்று இரவு, அந்தக் கழிவு விழும் இடத்தருகே பிரின்சஸ் அலைஸ் என்ற உல்லாசப் படகு மோதி மூழ்கி 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் விழுந்தது சற்று முன்தான் திறந்து விடப்பட்ட சாக்கடை வெள்ளத்தில். அதற்குப் பிறகுதான் கசடைப் பிரித்து எடுக்க ஆரம்பித்தார்கள். என் வாசலைத் தாண்டினால் போதும் என்று தள்ளி விடும் அழுக்கு எங்கேயாவது, யார் தலையிலாவது வந்தே தீரும்.

இரும்புக் கதவைத் திறந்து வைத்த குற்றம்

வியாபாரிகளுக்காக ஒரு செய்தி. பெர்மாண்ட்ஸியின் ஆற்றோரம் முழுக்கக் கிடங்குகள். தேயிலை, மிளகு, பட்டை, கிராம்பு, வெண்ணெய், பன்றிக் கொழுப்பு வரை எல்லாம் அங்கே இறங்கும். 'லண்டனின் உணவு அலமாரி' என்றே அந்தக் கரையைச் சொல்வார்கள். 1861 ஜூன் 22 அன்று டூலி தெருவில் ஒரு கிடங்கில் தீப்பிடித்தது. சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை, வெடியுப்பு எல்லாம் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கிடங்குக்குக் கிடங்கு தீ பரவாமல் தடுக்க இரும்புக் கதவு போட்டிருந்தும், வேலை வசதிக்காக அதைத் திறந்தே வைத்திருந்தார்கள். தீ இரண்டு வாரம் எரிந்தது. தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவர் இடிந்து விழுந்து மாண்டார். நஷ்டம் இருபது இலட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள்.

அதுவரை லண்டனில் தீயணைப்புப் படையை நடத்தியது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்! இனி எங்களால் முடியாது என்று கையை விரித்து விட்டார்கள். 1865இல் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு முதல் தீயணைப்பு பொதுப் பொறுப்பானது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது, கதவு மூடியிருக்க வேண்டும். சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி வைத்து விட்டு, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆறு பென்ஸுக்காக

கிடங்குகளிலும் துறைகளிலும் மூட்டை தூக்கியவர்கள் நிலை என்ன? காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு வேலை. மற்றவன் பட்டினி. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து பென்ஸ். சில நாள் ஒரு மணி, இரண்டு மணி வேலையோடு திருப்பி அனுப்பி விடுவார்கள்.

1889 ஆகஸ்டில் இந்த மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆறு பென்ஸ் வேண்டும், கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேர வேலை வேண்டும் என்பது கோரிக்கை. வடகரையில் ஆரம்பித்தது தென்கரைக்கும் பரவியது. கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டி அனுப்பினார்கள். ஒரு மாதம் ஆயிற்று. முதலாளிகள் இறங்கவில்லை. கடைசியில் இடையில் வந்து பேசி முடித்தவர் யார்? கார்டினல் மேனிங் என்ற கத்தோலிக்க மத குரு. வயது 81. ஏழைகளின் பசியை வேதத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று அவர் ஒதுக்கவில்லை. அவர்களுக்கு ஆறு பென்ஸ் கிடைத்தது.

நம் ஆலிம்கள் சிலர், தொழிலாளர் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் அரசியல், எங்களுக்கு எதற்கு என்று ஒதுங்குகிறார்கள். நானும் ஓர் ஆலிம்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நாம் ஒதுங்கினால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறு யாராவது வந்து உட்காருவார்கள்.

மகாராணி இறந்த 1901இல் பெர்மாண்ட்ஸி சொர்க்கமாகி விடவில்லை. 1894இல் அங்கே டவர் பாலம் திறந்தார்கள், ஊரே வேடிக்கை பார்த்தது. பாலத்தடியில் வறுமை இருந்தது. சார்லஸ் பூத் என்ற வணிகர் சொந்தப் பணத்தில் தெருத் தெருவாக ஆய்வு செய்து, லண்டன் மக்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வறுமையில் இருப்பதைக் காட்டினார். வெளிநாட்டுத் தோல்களில் ஆந்த்ராக்ஸ் கிருமி ஒட்டி வந்து தொழிலாளர்கள் செத்தார்கள். 1895இல்தான் சட்டம் அதைத் தொழில் நோயாக எழுதிக் கொண்டது. பிஸ்கட், ஜாம் ஆலைப் பெண்கள் நியாயமான கூலிக்கு 1911 வரை காத்திருந்து தெருவில் இறங்க வேண்டியிருந்தது. ஆல்பிரட் சால்ட்டர் என்ற டாக்டர், பெரிய இடத்துப் பதவிகளை விட்டு விட்டு அந்த மக்களோடு குடியிருந்தார். அவருடைய ஒரே மகள் எட்டு வயதில் 1910இல் காய்ச்சல் கண்டு இறந்தாள். அதன் பிறகும் அவர் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1922இல் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், அவர் மனைவி ஏடா அதே ஆண்டு மேயரானார்.

பெரியவருக்குப் பதில்

இப்போது கேள்விக்கு வருவோம். லண்டன்காரன் நாறடித்துத்தானே பணக்காரன் ஆனான்?

ஆம். ஆனால் நாறடித்தவன் வேறு, செத்தவன் வேறு. பணக்காரன் ஆனவன் மேட்டில் இருந்தான், ஓடைத் தண்ணீர் குடித்தவன் ஜேக்கப் தீவில் இருந்தான். லண்டன்காரன் என்று ஒரே ஆளாகப் பேசும்போது இந்த இரண்டு பேரையும் குழப்பி விடுகிறோம். நம் பக்கத்திலும் அப்படித்தான். டேனரி முதலாளி வீட்டில் கேன் தண்ணீர் இறங்குகிறது. ஆற்றோரத்து விவசாயி கிணற்றில் உப்பு நுரைக்கிறது. அந்தக் கிணற்றுக்காரனிடம் போய் 'லண்டன்காரனைக் கேள்' என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, அவர்களுக்கு 1854 வரை தண்ணீரால் சாவு வருகிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரியாமல் செய்தவனின் பாவத்தைக் காட்டி, தெரிந்து செய்கிறவன் தப்பிக்க முடியாது.

மூன்றாவது, அவர்களுடைய சுண்ணாம்பும் மரப்பட்டையும் நாய்க் கழிவும் அசிங்கம்தான், ஆனால் காலம் போனால் மக்கிப் போகும். உப்பும் குரோமும் மக்காது, மண்ணில் தங்கும். 1970களில் அரசாங்கம் பாதிப் பக்குவத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப் பக்குவமும் இங்கேயே ஆகட்டும் என்றது. இலாபம் இங்கே வந்தது, நல்லது. அதோடு கழிவு முழுவதும் இங்கேயே தங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்ன போது, தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை எடுத்துக் காட்டியது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிறுவியது. அதன் பின் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் இருபத்தெட்டு ஆண்டு! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடிக்கும் காலம்.

நான்காவது, தள்ளி விட அவர்களுக்கு நாம் இருந்தோம். அழுக்கு வேலையைக் கடல் கடந்து அனுப்பி விட்டார்கள். நாம் யாரிடம் அனுப்புவது? நமக்குக் கீழே இருப்பது நம் விவசாயி, நம் கூலிக்காரன். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்த பத்துப் பேர் தோல் கழிவுச் சேற்றில் புதைந்து செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் காலத்து ஜேக்கப் தீவு இதுதான்.

அதற்காகப் பெரியவரின் மனக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. செருப்புக்கு விலையைக் குறை குறை என்று நெருக்குகிற அயல்நாட்டு வாங்குபவன், அதே வாயால் சுத்திகரிப்புச் சான்றிதழ் கேட்கிறான். செலவில் தன் பங்கைத் தரச் சொன்னால் அடுத்த நாட்டுக்குப் போகிறேன் என்கிறான். சின்ன டேனரிக்காரருக்கு அந்தச் சுமை முதுகை முறிக்கிறது. தேம்ஸைச் சுத்தம் செய்தது தனித்தனி வியாபாரிகளின் மனசாட்சி அல்ல; அரசு கடனும் பொது வரியும்தான். அந்தப் பொதுப் பணம் நம் ஆற்றுக்கும் வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்கும்போது நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். இரவில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்து விடுகிறவன் பகலில் நியாயம் கேட்டால் எந்த அதிகாரியும் மதிக்க மாட்டான்.

என்ன செய்யலாம்?

இளைஞர்களே! ஜான் ஸ்நோவிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் இரண்டு காலும்தான். உங்கள் முஹல்லாவில் ஆரம்பியுங்கள். எந்தக் கிணறு, எத்தனை அடி, எந்த ஆண்டு முதல் உப்பு, யார் வீட்டில் என்ன நோய், எந்தக் குடும்பம் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கிறது? எழுதுங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து வாங்குங்கள். நம் வீட்டுக் கிணற்றோடு நிற்காமல், அடுத்த தெரு, காலனி, சேரி எல்லாக் கிணற்றையும் எழுதுங்கள். ஆற்றுத் தண்ணீர் சாதி மதம் பார்த்து ஓடுவதில்லை.

வியாபாரிகளே! இலாபத்தில் ஸகாத் கணக்குப் பார்க்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்த இலாபம் வந்த வழியில் யாருடைய கிணறு கெட்டது என்ற கணக்கும் ஒன்று உண்டு. ஆறு உங்களிடம் இருப்பது அமானிதம். ஊரில் எல்லா டேனரிக்காரர்களும் ஒன்று கூடி, இரவும் பகலும் சுத்திகரிப்பு ஓடும், தவறினவனை நாங்களே காட்டிக் கொடுப்போம் என்று ஜமாஅத்தில் வைத்து வாக்குக் கொடுங்கள். பிறகு அரசாங்கத்திடம் போகலாம். வாங்குபவனிடம் விலை பேசலாம். நானும் உங்களோடு வருகிறேன்.

பெர்மாண்ட்ஸியில் இன்று டேனரி இல்லை. அந்தத் தோல் பரிவர்த்தனை மாளிகை இருக்கிறது. மசாலாக் கிடங்குகளில் கோடீஸ்வரர்கள் குடியிருக்கிறார்கள். தொழில் போய் விட்டது, ஆறு திரும்பி வந்து விட்டது. நமக்குத் தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். இரண்டையும் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது, ஆனால் லண்டனைக் காட்டிச் சாக்குச் சொல்லிக் கொண்டிருந்தால் இரண்டும் போய் விடும்.

அன்று டீ ஆறிப் போச்சு. நான் இவ்வளவும் சொல்லி முடித்த போது பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், அந்த டாக்டர் வீடு வீடாகப் போய் எண்ணினார் என்றீர்களே, நம் பையன்களுக்கு அந்த மாதிரி எண்ணத் தெரியுமா?"

பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், தம்பிகளே.